பாடமாக்கிய பட்டியலைத் திரும்ப எடுப்பது எப்படி

“சேர், வீட்ல சொல்றப்ப எல்லாம் வந்துச்சு. இங்க வந்து ஒக்காந்ததும் போயிருச்சு.”

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினெட்டு வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்காத தவணைப் பரீட்சை ஒன்றுகூட இருந்ததில்லை. சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. வீட்டில் வந்ததும் உண்மை, மண்டபத்தில் வராததும் உண்மை. “படிக்காமல் வந்துவிட்டுச் சாட்டுச் சொல்லாதே” என்று ஆரம்ப காலத்தில் நானும் ஏசியிருக்கிறேன். அது அநியாயம் என்று பின்னால்தான் விளங்கியது. படித்தது பெரும்பாலும் உள்ளேதான் கிடக்கிறது. அதை எடுத்துவர வழிதான் வெட்டப்படவில்லை. பட்டியலை உள்ளே போட மணிக்கணக்கில் பழகுகிறோம். வெளியே எடுக்கப் பழகுவதேயில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா, புதிதாக நியமனம் கிடைத்து மலைக்கு வந்திருக்கும் ஆசிரியர், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாசித்துக்கொண்டு போகாமல் செய்துகொண்டு போங்கள்.

முதலில் உங்களையே சோதியுங்கள்

ஒரு தாளும் பேனையும் எடுத்து வையுங்கள். கீழே 15 சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை, இரண்டு செக்கனுக்கு ஒன்றாக, மெதுவாக வாசியுங்கள். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசிச் சொல் முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஞாபகம் வருவதை எல்லாம் எழுதுங்கள். வரிசை முக்கியமில்லை. வீட்டில் இன்னொருவர் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

கொழுந்து, கூடை, மலை, படங்கு, கங்காணி, றாத்தல், சாக்கு, ஸ்டோர், திமிங்கிலம், மடுவம், தூள், சாயம், கோப்பை, சீனி, இஞ்சி.

எழுதி முடிந்ததும் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது வேண்டும்.

இதை ஒவ்வொரு வருஷமும் புதிய வகுப்பில் செய்கிறேன். கொழுந்தும் கூடையும் ஏறத்தாழ எல்லோர் தாளிலும் இருக்கும். சீனியும் இஞ்சியும் இருக்கும். சாக்கும் மடுவமும் காணாமல் போயிருக்கும். நடுவில் இருந்தும் தப்பிப்பிழைத்த சொல் திமிங்கிலம்.

பென்னட் மர்டொக் என்ற ஆய்வாளர் 1962இல் 10 சொல் முதல் 40 சொல் வரையான பட்டியல்களைப் பலருக்கும் வாசித்துக் காட்டி, எந்த இடத்துச் சொல் எத்தனை பேருக்கு வந்தது என்று கோடு வரைந்து பார்த்தார். தொடக்கத்தில் ஒரு மேடு, முடிவில் அதைவிட உயரமான ஒரு மேடு, நடுவில் பள்ளம். இரண்டு மலைக்கு நடுவே ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தக் கோடு புதிதாகத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மேட்டுக்கும் காரணம் வேறு வேறு. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சொல் வரும்போது மனம் காலியாக இருக்கிறது. கொழுந்து, கொழுந்து, கூடை, கொழுந்து, கூடை என்று உள்ளே தானாகவே ஓடும். ஏழாவது சொல் வரும்போது அப்படி ஓட இடமில்லை. ஆக, முதல் சொற்களுக்குக் கிடைத்தது கூடுதல் பயிற்சி. கடைசிச் சொற்கள் அப்படியல்ல. அவை இன்னும் காதிலேயே நிற்கின்றன. 1966இல் கிளான்சர், குனிட்ஸ் என்ற இருவர் பட்டியல் முடிந்ததும் 30 செக்கன் எண்களை எண்ண வைத்துவிட்டு, அதன் பிறகு சொற்களைக் கேட்டார்கள். கடைசி மேடு கரைந்துபோனது. முதல் மேடு அசையவில்லை.

இதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளை கொப்பியை மூடுகிறது, அம்மா உடனே “சொல்லு பாப்போம்” என்கிறார், பிள்ளை மளமளவென்று ஒப்பிக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம். ஆனால் வந்ததில் ஒரு பங்கு காதில் நின்ற ஓசை. அது மறுநாள் காலை வரைக்கும் நிற்காது. எனவே முதல் பழக்கம் இதுதான்: கொப்பியை மூடியதும் கேட்காதீர்கள். பீலிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கேளுங்கள். அப்போது வருவதுதான் பிள்ளையிடம் உண்மையாக இருப்பது.

பள்ளத்துக்கும் வழி உண்டு. பட்டியலை எப்போதும் முதலிலிருந்தே தொடங்கிப் படித்தால் முதல் ஐந்து பழுத்துப்போகும், நடு ஐந்து காயாகவே இருக்கும். ஒருநாள் நடுவிலிருந்து தொடங்குங்கள். நடுவிலே அடம்பிடிக்கும் ஒன்றை மட்டும் திமிங்கிலம் ஆக்குங்கள்: பெரிய எழுத்தில், வேறு நிறத்தில், பக்கத்தில் ஒரு படத்தோடு. மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்கும் ஒன்று மனதில் தங்கும் என்பதை ஹெட்விக் வொன் ரெஸ்டோர்வ் என்ற பெண் ஆய்வாளர் 1933இலேயே காட்டிவிட்டார். சில பிள்ளைகளின் கொப்பியில் பக்கம் முழுவதும் மஞ்சள் கோடு அடித்திருக்கும். எல்லாமே மஞ்சளானால் எதுவும் வேறுபட்டு நிற்காது. ஒரு பட்டியலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

கேள்வி எந்தப் பக்கத்தால் வரும்?

பாடமாக்கத் தொடங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பட்டியலை மூன்று விதமாகக் கேட்கலாம். வரிசையாகச் சொல் என்று கேட்கலாம். வரிசை வேண்டாம், எல்லாவற்றையும் சொல் என்று கேட்கலாம். நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடு என்றும் கேட்கலாம். நம் பிள்ளைகள் முதல் விதத்துக்குப் பழகுகிறார்கள், பரீட்சை மூன்றாவது விதமாகக் கேட்கிறது.

ஏழாம் வாய்பாட்டைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். உதடு அசைகிறதைக் கவனியுங்கள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அடியிலிருந்து ஏறித்தான் 56க்கு வந்து சேரும். பெரியவர்களும் அப்படித்தான். பதுளை ரயிலில் ஆயிரம் தடவை போய்வந்தவரிடம் “நானுஓயாவுக்கு முந்தின ஸ்டேஷன் எது?” என்று கேளுங்கள். நேரே வராது. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ராதெல்ல என்று ரயிலோடு ஓடி வந்துதான் சொல்வார். ஒன்றை நினைத்ததும் அதன் பக்கத்தில் படித்தது கூடவே வரும். அதிலும் பின்னால் போவதைவிட முன்னால் போவது எளிது. மைக்கேல் கஹானா என்பவர் 1996இல் இதைக் கணக்கெடுத்துக் காட்டினார். வரிசையே கேட்காத சோதனைகளிலும் மனம் இப்படித்தான் நகர்கிறது.

உருவி எடுக்கும் கேள்விதான் வரும் என்றால், உருவி எடுத்தே பழகுங்கள். வாய்பாட்டைத் துண்டுத் தாள்களில் எழுதி, குலுக்கி, ஒன்றொன்றாக எடுங்கள். வேறு தந்திரம் தேவையில்லை.

கட்டுக் கட்டாகக் கட்டுங்கள்

ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக்கூடியது மிகக் குறைவு. ஜோர்ஜ் மில்லர் 1956இல் அதை ஏழுக்கு ஒன்றிரண்டு கூடக்குறைய என்றார். நெல்சன் கவன் 2001இல் இன்னும் இறுக்கிப் பார்த்து, நான்கு அளவுதான் என்றார். ஆனால் அந்த நான்கு என்பது நான்கு கட்டு. ஒரு கட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. பத்து இலக்க போன் நம்பரை யாரும் பத்து இலக்கமாகச் சொல்வதில்லை, மூன்று மூன்றாகவோ இரண்டு இரண்டாகவோதான் சொல்கிறோம்.

வில்லியம் பூஸ்ஃபீல்ட் 1953இல் 60 சொற்களைக் கலந்து வாசித்தார். மிருகங்கள், ஆட்களின் பெயர்கள், தொழில்கள், மரக்கறிகள், ஒவ்வொன்றிலும் 15. கேட்டவர்கள் திருப்பிச் சொன்னபோது மிருகங்கள் ஒரு கொத்தாகவும் மரக்கறிகள் ஒரு கொத்தாகவும் வந்தன. யாரும் அப்படிச் சொல்லும்படி கேட்கவில்லை. மனமே பிரித்து அடுக்கிவிடுகிறது. அதற்கு நாம் முன்கூட்டியே உதவி செய்தால் போதும்.

இலங்கையின் 25 மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பட்டியலாகப் படித்த பிள்ளை 19, 20இல் நின்றுவிடும். எது விடுபட்டது என்றும் தெரியாது. இப்படி மாற்றிப் பாருங்கள். மாகாணம் ஒன்பது. அதில் நான்கு மாகாணத்துக்கு மும்மூன்று மாவட்டம்: மேல் மாகாணத்தில் கொழும்பு, கம்பஹா, களுத்துறை; மத்தியில் கண்டி, மாத்தளை, நுவரெலியா; தெற்கில் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை; கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. இன்னும் நான்கு மாகாணத்துக்கு இவ்விரண்டு: ஊவாவில் பதுளை, மொனராகலை, சப்ரகமுவையில் இரத்தினபுரி, கேகாலை, வடமேற்கில் குருநாகல், புத்தளம், வடமத்தியில் அநுராதபுரம், பொலன்னறுவை. வடக்குக்கு மட்டும் ஐந்து: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. பன்னிரண்டும் எட்டும் ஐந்தும் 25.

பெயர்களைவிட எண்ணிக்கைதான் இதில் பெரிய உதவி. கிழக்கில் இரண்டுதான் வந்தது என்றால் ஒன்று குறைகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். எங்கே தேடுவது என்றும் தெரியும். மாகாணத்தின் பெயர்தான் அதற்குக் கைப்பிடி. 1966இல் டுல்விங், பேர்ல்ஸ்டோன் என்ற இருவர், சொற்பட்டியலைப் படித்த மாணவர்களில் ஒரு பாதிக்கு வெறும் தாளையும் மற்றப் பாதிக்கு வகைகளின் பெயர் எழுதிய தாளையும் கொடுத்தார்கள். வகைப் பெயர் கிடைத்தவர்கள் தெளிவாகக் கூடுதலாக எழுதினார்கள். பிறகு வெறும் தாள் வாங்கியவர்களுக்கும் வகைப் பெயரைக் கொடுத்தபோது அவர்களுக்கும் புதிய சொற்கள் வந்தன. இல்லாததாகத் தெரிந்தவை உள்ளேதான் இருந்திருக்கின்றன. “போயிருச்சு சேர்” என்ற பிள்ளையை நான் நம்பத் தொடங்கியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். பரீட்சை மண்டபத்தில் யாரும் கைப்பிடியை எழுதித் தர மாட்டார்கள். அதனால் கைப்பிடியையும் சேர்த்தே பாடமாக்க வேண்டும். முதலில் ஒன்பது மாகாணங்கள் பிசகாமல் வரட்டும், பிறகு உள்ளே போகலாம்.

முதல் 20 மூலகங்களுக்கு இதே வழி இன்னும் அழகாகப் பொருந்துகிறது. ஆவர்த்தன அட்டவணையே கட்டுக் கட்டாகத்தான் இருக்கிறது: 2, 8, 8, பிறகு 2. முதல் வரிசையில் ஐதரசன், ஈலியம். இரண்டாவதில் இலிதியம், பெரிலியம், போரன், காபன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன், நியோன். மூன்றாவதில் சோடியம், மகனீசியம், அலுமினியம், சிலிக்கன், பொசுபரசு, கந்தகம், குளோரீன், ஆகன். கடைசியில் பொற்றாசியம், கல்சியம். ஒவ்வொரு வரிசையும் ஒரு சடத்துவ வாயுவில் முடிகிறது: ஈலியம் 2, நியோன் 10, ஆகன் 18. இந்த மூன்றையும் மைல்கல்லாக நட்டுக்கொள்ளுங்கள். “அணுவெண் 15 எது?” என்று கேட்டால் ஐதரசனிலிருந்து ஓட வேண்டியதில்லை. 10இல் ஏறி ஐந்து எட்டு வைத்தால் பொசுபரசு. “17?” என்றால் ஆகனிலிருந்து ஓர் எட்டுப் பின்னால், குளோரீன்.

கட்டுக் கட்டினால் ஒரு புதிய சிக்கல் வரும். கட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகும் பிள்ளை, ஒரு கட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தடுக்கி நிற்கும். நியோனுக்குப் பிறகு என்ன? ஆகனுக்குப் பிறகு என்ன? கட்டும் கட்டும் சேரும் அந்த மூட்டுக்கு நம் புலவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதி அதற்குத்தான் உதவுகிறது. ஏடு கையில் இல்லாதவரும் நூறு பாட்டை ஒன்றும் விடாமல் சொல்லலாம், ஏனென்றால் ஒன்றின் வால் அடுத்ததன் தலை. ஆகவே மூட்டுகளை மட்டும் தனியாகப் பழகுங்கள்: ஈலியம்-இலிதியம், நியோன்-சோடியம், ஆகன்-பொற்றாசியம். மூன்று சோடி, ஒரு நிமிஷ வேலை.

இடத்தில் வையுங்கள்

என் தாத்தா கங்காணி. கையெழுத்துப் போட மட்டும் தெரியும், வாசிக்கத் தெரியாது. விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று முப்பத்து நான்கு ஆள் பெயரையும் கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார். யார் வரவில்லை, யார் எந்த மலைக்கு, எல்லாம் தாள் இல்லாமல். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, எப்படித் தாத்தா என்று கேட்டேன். “நான் எங்க பேர நெனைக்கிறேன்? லயத்து வாசல்ல நடந்து போறேன்டா. கதவு கதவா யார் நிக்கிறாங்கன்னு பாக்குறேன்” என்றார். லயம் என்ற வரிசை வீட்டின் முதல் காம்பராவில், அதாவது முதல் அறையில், தொடங்கிக் கடைசிக் காம்பரா வரை போய், பின்பக்கம் திரும்பி வருவார். ஒரு குடும்பம் காம்பரா மாறிப் போனால் ஒரு வாரத்துக்குத் தடுமாறுவார். பழைய கதவில் பழைய ஆளே நிற்பார்.

இந்த வழிக்குக் கிரேக்கத்தில் ஒரு பழங்கதை உண்டு. சிமோனிடிஸ் என்ற கவிஞர் ஒரு விருந்திலிருந்து வெளியே வந்த நேரம் மண்டபத்துக் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்களின் உடல்களை அடையாளம் காண முடியவில்லை. யார் எந்த இடத்தில் இருந்தார் என்பதை நினைத்து அவர்தான் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னார் என்று ரோமப் பேச்சாளர் சிசெரோ எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மீரியபெத்தை ஞாபகம் வரும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் மூடிப்போயின. ஒரு லயத்தில் எந்தக் காம்பராவில் யார் என்பது நமக்கு வெறும் பட்டியல் அல்ல.

நீங்கள் செய்யவேண்டியது இது. தினம் நடக்கிற பாதை ஒன்றை எடுங்கள். அதில் எட்டு இடத்தைக் குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பட்டியலில் ஒன்றைப் படமாக வையுங்கள். வரலாற்றுப் பாடத்து இராசதானிகளை நான் இப்படித்தான் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டு வாசற்படியில் ஒரு வெள்ளைத் தாதுகோபுரம் உட்கார்ந்திருக்கிறது, உள்ளேயிருந்து தாண்டி வரவே முடியவில்லை: அநுராதபுரம். பீலியில் பராக்கிரம சமுத்திரமே கொட்டுகிறது: பொலன்னறுவை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஒரு தம்பி தேன் கேட்டு அழுகிறான்: தம்பதெனிய. மாரியம்மன் கோயில் படியில் யாப்பகூவக் கல் சிங்கம் குந்தியிருக்கிறது. கொழுந்து மடுவத்தில் தராசில் ஒரு யானை ஏறி நிற்கிறது: யானை மலை நிற்கும் குருநாகல். கடை வாசலில் கம்பளி காயப்போட்டிருக்கிறார்கள்: கம்பளை. பாலத்தின் மேல் ஒரு கோட்டை: கோட்டை இராசதானி. பாடசாலை வாசலில் பெரஹெரா வந்துகொண்டிருக்கிறது: கண்டி.

படங்கள் உங்களுடையதாக இருக்கவேண்டும். தம்பியும் தேனும் என் மகளே சொன்னது, அதனால்தான் அவளுக்கு மறக்கவில்லை. என்னுடையதை இரவல் வாங்கினால் அரைவாசிப் பலன்தான் கிடைக்கும். இன்னொன்று, ஒரே பாதையில் ஒரே வாரம் இரண்டு பட்டியலை வைக்காதீர்கள். தாத்தாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

மூடிவிட்டு எடுங்கள்

மேலே சொன்னதில் எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் செய்த சோதனையில் ஒரு குழு மாணவர்கள் ஒரு பந்தியை நான்கு தடவையும் படித்தார்கள். இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பார்க்காமல் ஞாபகம் வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு வந்தது 40 சதவீதம். பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு 61 சதவீதம். கவனிக்கவேண்டியது, தங்களுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அந்த உணர்வை நம்ப வேண்டாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? 1885இல் ஹெர்மான் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகப் பாடமாக்கித் தன்னைத்தானே சோதித்தார். திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிஷத்தில் அந்த மிச்சம் 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, ஒரு நாளில் ஏறத்தாழ 34, ஒரு மாதத்தில் 21. சறுக்கல் முதல் நாளில்தான் செங்குத்து, பிறகு சாய்வு குறைகிறது. ஆகவே முதல் இரண்டு தடவை நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் எடுத்துப் பாருங்கள். என் வகுப்புக்கு நான் சொல்லும் கணக்கு: படித்த இரவு, மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள், மாத முடிவு. இதற்குத் தனி நேரம் வேண்டாம். பீலியில் குடம் நிறையும் நேரம் போதும், ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் போதும். லயத்து வீட்டில் மேசையும் தனி அறையும் இல்லாத பிள்ளைக்கு இந்த வழி தோதானது. மூடிவிட்டு எடுப்பதற்குக் கொப்பிகூட வேண்டியதில்லை.

வராத சொல்லுக்காக ஒரு நிமிஷமாவது முயலுங்கள். அதற்குப் பிறகு கொப்பியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காமல் விட்டால் தவறானதே பழகிவிடும்.

ஒன்றோடொன்று இடிப்பவை

ஒரேமாதிரிப் பட்டியல் இரண்டை ஒரே இரவில் படிக்காதீர்கள். பம்பரகந்தை 263 மீற்றர், தியலும 220 மீற்றர். இரண்டும் பதுளை மாவட்டத்து நீர்வீழ்ச்சிகள். அடுத்தடுத்துப் படித்த பிள்ளை உயரத்தை மாற்றி எழுதும். நடுவில் கணக்கு ஒன்று செய்யட்டும், அல்லது தூங்கி எழுந்து அடுத்ததைத் தொடங்கட்டும்.

இடமும் சிலவேளை ஞாபகத்தோடு ஒட்டிக்கொள்ளும். 1975இல் கொடன், படெலி என்ற இருவர் ஸ்கொட்லாந்துக் கடலில் முக்குளிப்பவர்களுக்கு நீருக்கடியிலும் கரையிலும் சொற்பட்டியல் கொடுத்தார்கள். நீருக்கடியில் படித்தது நீருக்கடியில்தான் கூடுதலாக வந்தது. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை, ஆகவே இதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். ஆனாலும் அடுப்படியில் மட்டும் ஒப்பித்த பிள்ளையை, கோயில் முற்றத்திலும் வாங்கு மேசையிலும் பஸ்ஸிலும் ஒப்பிக்க வைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

மண்டபத்தில் வராவிட்டால்

நாக்கு நுனியில் நிற்கிறது, வாய்க்கு வரவில்லை. அந்த நேரம் முதல் எழுத்தைத் தேடுங்கள். க, ச, த, ந, ப, ம, வ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், பலமுறை பூட்டு திறக்கும். ஆத்திசூடி அகர வரிசையில் இருப்பதால்தான் ஒரு வரி மறந்தாலும் அடுத்த எழுத்து கைகொடுக்கிறது. அதுவும் வராவிட்டால் அந்தக் கட்டின் முதல் ஆளிலிருந்து ஓடி வாருங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள். ஏற்கனவே சொன்ன சொற்களே திரும்பத் திரும்ப வந்து வராத சொல்லின் வழியை அடைக்கும். கொஞ்ச நேரம் விலகி நின்றால் வழி விடும். விடைத்தாளில் அதற்கு இடம் விட்டு வைக்க மறக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. மண்டபத்துக்கு வெளியே நின்று “எத்தனை விட்ட?” என்று கேட்காதீர்கள். அடுத்த பாடத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்தான் இருக்கும். பிளேன்டீயும் பணிசும் கொடுங்கள்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள்

முதலில் தாளின் பின்பக்கத்தில், மேலே போய்ப் பார்க்காமல், 15 சொல்லையும் இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள். சீனியும் இஞ்சியும் இந்த முறை வந்தனவா? திமிங்கிலம்?

எழுதியபின் முன்பக்கத்தைத் திருப்புங்கள். அதிலோ இதிலோ “தேயிலை” என்று எழுதியிருக்கிறீர்களா? மேலே போய்ப் பாருங்கள். அந்தப் பட்டியலில் தேயிலை இல்லை. கொழுந்து, கூடை, மடுவம், தூள், சாயம் எல்லாம் சேர்ந்து அதைச் சுட்டுகின்றன, மனம் தானே எழுதிக்கொள்கிறது. ரோடிகரும் மெக்டெர்மொட்டும் 1995இல் படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு என்பதுபோன்ற சொற்களை வாசித்துக் காட்டியபோது, வாசிக்காத “தூக்கம்” என்ற சொல்லைக் கேட்டதாகவே பலர் உறுதியாகச் சொன்னார்கள். ஹட்டனை மாவட்டமாக எழுதிவிட்டு, “கொப்பியில இருந்துச்சு சேர்” என்று கண் கலங்கிய பிள்ளையும் என் வகுப்பில் இருந்தாள். கண்டி, மாத்தளை, நுவரெலியாவோடு ஹட்டனும் அவளுக்கு ஒரே கொத்து. அவள் ஊரே ஹட்டன் பக்கம்தான். மத்திய மாகாணத்துக்கு மூன்றுதான் என்ற எண்ணிக்கையை அன்று அவளுக்குக் கொடுத்தேன். அடுத்த தவணையில் நான்காவது ஒன்றை எழுதி, விரல் விட்டு எண்ணி, தானே வெட்டினாள்.

உங்கள் தாளிலும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். விடுபட்ட சொற்களை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மூடுங்கள். நாளைக் காலை தேத்தண்ணி கொதிக்கும்போது பார்க்காமல் மறுபடி சொல்லிப் பாருங்கள்.